செருப்பைக் கழற்ற வைத்த மைதானம்

எங்கள் பள்ளி மைதானத்தை மைதானம் என்று சொல்வதற்கே கொஞ்சம் பெரிய மனசு வேண்டும். மூன்று பக்கம் வகுப்பறைகள், ஒரு பக்கம் தேவாலயச் சுவர், நடுவில் சரளைக்கல். அந்தச் சரளையில்தான் பல வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தேன். பெயருக்குத்தான் விளையாட்டு டீச்சர். பாதி நேரம் பஞ்சும் மருந்துமாகத்தான் நின்றேன்.

எங்கள் கோல்கீப்பர் சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். பந்து வந்தால் யோசிக்கவே மாட்டாள், பாய்ந்துவிடுவாள். ஒரு நாள் இடது பக்கம் பாய்ந்ததில் முழங்கைக்குள் சரளை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கல்லை எடுத்துத் தையல் போட்டார்கள். மறுநாள் அவள் அம்மா புர்காவின் முகத்திரையை விலக்கிவிட்டு என் முன்னால் நின்றார்.

"இன்னொரு தடவ ரத்தத்தோட வீட்டுக்கு வந்தா, அதோட விளையாட்டு முடிஞ்சது டீச்சர்."

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவரோ மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குத்தான் நான் பயந்தேன். அவளைப் போல இன்னொரு கீப்பர் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய மாணவிகள் சேர்ந்து செயற்கைப் புல்தரை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. பிளாஸ்டிக் புல் என்றதும் கல்யாண மண்டப வாசலில் விரிக்கிற பச்சைப் பாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

தரை போட வந்த மேஸ்திரி உசிலம்பட்டிக்காரர். அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. "நான் போட்ட தரையில மழ தண்ணி நின்னுச்சுன்னா என் மீசைய எடுத்துர்றேன் டீச்சர்" என்று முதல் நாளே சவால் விட்டார். சரளையைச் சுரண்டி அள்ளினார்கள். பெரிய ஜல்லி, அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் கல்தூள் என்று பரப்பி உருளை ஓட்டினார்கள். நூல் பிடித்து, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி கொட்டினார்கள். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் நான் மாடி வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

புல் சுருள் சுருளாக லாரியில் வந்தது. ஒன்றை உருட்டவே ஆறேழு பேர் வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் விரித்து, ஓரம் வெட்டி, அடியில் பட்டை வைத்துப் பசை தடவி ஒட்டினார்கள். எங்கே ஒட்டினார்கள் என்று விரலால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. திறப்பு விழா நெருங்கிய நேரத்தில், கடைசிச் சுருளை விரித்த பிறகு மேஸ்திரி உட்கார்ந்து உள்ளங்கையால் அதைத் தடவினார், ஆட்டு முதுகைத் தடவுவது போல. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு எழுந்தார்.

"மாப்ள, புல்லு எதிர்ப்பக்கம் சாயுது. சுருட்டுங்கடா, திருப்பிப் போடணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படியிறங்கிப் போய், "இம்புட்டு நாள் ஆச்சு, இதெல்லாம் யாருக்குண்ணே தெரியப்போகுது?" என்றேன்.

"சாயங்காலம் வெயில் சாயும்போது மாடியில நின்னு பாருங்க. இந்தப் பட்டை மட்டும் வேற கலரா தெரியும். பாக்குறவன் உங்களத் திட்ட மாட்டான், என்னையத்தான் திட்டுவான்."

திருப்பிப் போட்டார்கள். அன்று சாயங்காலம் மாடியில் நின்று பார்த்தேன். ஒரே பச்சை. அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதை அதற்குப் பிறகு குறையவே இல்லை. மணலும் கறுப்பு ரப்பர் குருணையும் தூவி, புல்லுக்குள் இறங்கும்வரை பிரஷ் போட்டு முடித்தார்கள்.

விழாவை வெயில் ஏறிய நேரத்தில் வைத்தோம். அங்கேதான் சறுக்கிவிட்டது. நம் ஊரில் எதையாவது பளிச்சென்று பார்த்துவிட்டால் கால் தானாகச் செருப்பை உதறிவிடும். பெற்றோர் எல்லாரும், யாரும் சொல்லாமலே, ஓரத்தில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டுப் புல்லில் இறங்கினார்கள். "செருப்போடயே வாங்க" என்று மேஸ்திரி கத்தியது யார் காதிலும் விழவில்லை. நாலு எட்டு வைத்ததும் ஆளாளுக்குக் குதித்தார்கள். தரை அப்படிக் கொதித்தது. முன்வரிசையில் குதித்தது கீப்பரின் அம்மா.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "கல்ல எடுத்துட்டு அடுப்ப வச்சிருக்கீங்க. இதுலயா எம்புள்ள விழணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முன்னால் வந்தார். "அக்கா, நான் பொய் சொல்லல. மத்தியானம் இது அடுப்புதான். அந்நேரம் யாரும் விளையாடக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிருக்கேன். நாளைக்குக் காலையில வாங்க, நானும் வாரேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

அந்த அம்மா வருவார் என்று நான் நினைக்கவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் மகளோடு வந்தார். மேஸ்திரி எங்களுக்கு முன்பே வந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மறுபடியும் செருப்பைக் கழற்றினார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை, தரை குளுகுளுவென்று இருந்தது.

"சிராய்ப்பு வரும்க்கா. வராதுன்னு சொன்னா அது பொய். ஆனா கல்லு ஏறாது" என்றார் மேஸ்திரி.

நான் பந்தை உதைத்தேன். அவள் பாய்ந்து பிடித்தாள். அம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டென்று புல்லில் உட்கார்ந்து, புர்காவின் கையை மேலே சுருட்டி, தன் முழங்கையைத் தரையில் அழுத்தி ஓர் இழு இழுத்தார். முழங்கை கொஞ்சம் சிவந்திருந்தது, கறுப்புக் குருணை ஒட்டியிருந்தது. அவ்வளவுதான். தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

நான் பந்தை எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"இடது பக்கம் அடிங்க டீச்சர்," என்றார். "தையல் போட்டதுல இருந்து இவ அந்தப் பக்கம் விழவே மாட்டேங்குறா."