கறுப்பாகிப்போன ஏழு பனியன்கள்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. கொல்லிமலைக்கு ரோடு வராத காலம். எங்கள் வாசலூர்பட்டியிலிருந்து அடிவாரத்திலிருக்கும் காரவள்ளிக்கு ஒற்றையடிப் பாதையில்தான் இறங்க வேண்டும். முந்தின வருஷம் அங்கே நோம்பித் திருவிழாவுக்கு நடந்த சடுகுடுப் போட்டிக்குப் போயிருந்தோம். ஏழு பேரும் ஒரே நிறத்தில் உடுப்புப் போடவில்லை, வெறும் வெள்ளைப் பனியன் கணக்கில் வராது என்று களத்தில் கால் வைக்கவே விடவில்லை. "மலைக்காரப் பசங்களுக்கு ஆட்டம் வேற கேக்குதா?" என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் ஆடியே தீருவது என்று வீம்பு பிடித்துக்கொண்டேன்.

எங்கள் இளைஞர் மன்றத்தில் அப்போது பலாமரச் சிராய்களைக் கொதிக்க வைத்துத் துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்றப் பழகிக்கொண்டிருந்தோம். கைக்குட்டைக்கு ஏறுகிற சாயம் பனியனுக்கு ஏறாதா? ஏழு வெள்ளைப் பனியன்களைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, படிகாரத்தில் முக்கி, போட்டிக்கு முதல் நாள் காலையில் அடுப்பேற்றினோம். மண்பானையில் நாலுதான் கொண்டது. மிச்ச மூன்றை ஒரு பழைய இரும்புச் சட்டியில் போட்டோம். பானையில் வெந்தவை பலாச்சுளை நிறத்தில் வந்தன. சட்டியில் வெந்தவை கரியாக வந்தன. கடுக்காய் பட்ட துணி இரும்பில் கறுத்துவிடும் என்பது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

எங்கள் அணித் தலைவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சு மாப்ளே. இந்த வருசமும் வேடிக்கதான் பாக்கப் போறோம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கறுத்ததை இனி மஞ்சளாக்க முடியாது. மஞ்சளைக் கறுப்பாக்கலாமே!

"அந்த நாலையும் சட்டியில போடு" என்றேன்.

"நோம்பி நாள்ல கறுப்பா? ஊட்டுல சேத்துவாங்களாடா?"

"மொதல்ல களத்துல சேத்தட்டும்!"

துருப்பிடித்த ஆணிகளையும் பொறுக்கிப் போட்டுப் பொழுது சாயும்வரை கிண்டினோம். பிறகு ஓடையில் தண்ணீர் தெளியும்வரை அலசினோம். ஏழும் ஒரே கறுப்பு.

மறுநாள் காரவள்ளியில் எதிரணிக்காரன் முறையிட்டான்: "ஏனுங்க, பச்சிலைச் சாயமுங்க. கட்டிப் புடிச்சா எங்க மேலெல்லாம் ஒட்டிக்குமுங்க."

போட்டி நடத்தியவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பனியனில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் அழுத்தித் தேய்த்தார். துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

"போய் ஆடு கண்ணு" என்றார்.

ஆடினோம். எதிரணி எங்களைப் புரட்டி எடுத்துவிட்டது. ஆனாலும் மலையேறும்போது ஒருவனும் முகத்தைத் தொங்கப் போடவில்லை. யார் யாரை எப்படி மடக்கினோம் என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனோம். வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதைவிட உள்ளே போய்த் தோற்பது எவ்வளவோ பெருமை என்று இந்த வயதிலும் நினைக்கிறேன்.