ஊதா பாட்டிலின் வயது

என் அக்கா கன்னியம்மாவின் வீட்டுக்காரர் சடையப்பன், ஆரணி–வந்தவாசி பஸ்ஸில் கண்டக்டர். சில்லறை இல்லையென்றால் எரிந்து விழுவார். பழைய பாட்டிலைக் காட்டினால் தன் சீட்டையே விட்டுக்கொடுப்பார். அதன் பக்கவாட்டில், அச்சு இணைந்த இடத்தில் ஓடும் கோட்டை விரலால் தடவி, "கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஏறுதா? மெஷின்ல செஞ்சது. கழுத்தோட நின்னுபோச்சா? வாய மட்டும் கையால செஞ்சிக்கிறான், பழசு" என்று தீர்ப்புச் சொல்வார். அதற்குள் இறங்க வேண்டியவர் ஊர் தாண்டியிருப்பார்.

வீட்டு அலமாரி முழுக்க பாட்டில். அக்காவின் புடவைகள் அட்டைப் பெட்டியில். போன தை மாதம் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நூறு வருஷத்து பாட்டில் ஒண்ணே ஒண்ணு காட்டுய்யா, அலமாரி உனுது. இல்லன்னா அத்தனையும் பழைய இரும்புக் கடைக்கு."

ஒரே மாதத்தில் மாமா ஓர் ஊதா பாட்டிலோடு வந்தார். நெசவாளர் தெருவில் இடித்த வீட்டில் கிடைத்ததாம். பல காலம் வெயில் பட்டால் சில பழைய கண்ணாடி ஊதாவாக மாறும் என்று எங்கோ படித்திருக்கிறார். முகத்தில் மாப்பிள்ளைக் களை.

வெள்ளிக்கிழமை வீடு கழுவிய அக்கா, அதையும் வெந்நீரில் ஊறப்போட்டாள். பக்கெட் தண்ணீர் ஊதாவானது. பாட்டில் நிறமே இல்லாமல் வெளியே வந்தது.

"ஐயோ, நூறு வருஷத்தையும் கழுவி ஊத்திட்டேனேய்யா!"

மாமாவுக்கு விளங்கிவிட்டது. அது உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த பட்டுச் சாயம். நிறத்தைக் கண்டு மயங்கியவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. அது விளிம்பு வரை ஜம்மென்று ஏறியிருந்தது. ஆனால் அக்கா பழசென்றே நம்பிவிட்டாள், அலமாரி பிழைத்ததே! "பரவால்ல வுடு, தெரியாம செஞ்சிட்ட" என்று பெரிய மனது பண்ணினார்.

அப்புறம் மனுஷனுக்கு ஒரே உபசாரம். காலையில் வடை, சாயங்காலம் பஜ்ஜி. மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு. அவருக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கே பாவமாக இருந்தது.

"கன்னி, அது சாயம். பாட்டில் புதுசுதான். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

அக்கா நிதானமாகக் குழம்பு ஊற்றினாள். "கல்யாணத்துக்கு முன்ன ஆறு வருஷம் சாயப்பட்டறையில நூல் அலசினவ நான். எனுக்கா சாயம் தெரியாது? நீ எப்ப சொல்லுவன்னுதான் பாத்துகினு இருந்தேன்."

மாமா பாதிச் சோற்றில் எழுந்து, பாட்டில்களை அள்ளக் கோணிப்பை தேடினார்.

"உக்காந்து துன்னுய்யா. மேல் தட்டு உனுக்கு, கீழ ரெண்டும் என் பொடவைக்கு. நாளைக்கும் வாய மூடிகினு இருந்திருந்தா, நானே மூட்ட கட்டியிருப்பேன்."