பொத்தான் இல்லாத சட்டை

குத்தகை நிலத்தை விட்டு எங்களை வெளியேற்ற வந்தவர்களோடு நடந்த கைகலப்பில் என் கணவருக்கு வலது கை முடங்கியது. நிலம் எங்களிடமே தங்கியது. ஆனால் அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. விரல்கள் பொத்தானைப் பிடிக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல், நான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் புறப்படுமுன் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். அவருக்கு அது கூச்சமாகவே இருந்தது.

டி-சர்ட் தைத்துத் தரலாம் என்று தோன்றி, தஞ்சாவூரில் பின்னல் துணி விற்கும் கடைக்குப் போனேன். முதலில் காட்டிய துணி இழுத்தால் நீண்டது, விட்டால் தொங்கியது. அடுத்தது அகலவாக்கில் மட்டுமே நெகிழ்ந்தது.

“டீச்சர், துணி வாங்க வந்தீங்களா, தேர்வடம் இழுக்க வந்தீங்களா?” என்றார் கடைக்காரர்.

“நீளம் அகலம் ரெண்டுலயும் இழுபடணுங்க. விட்டா பழையபடி ஆகணும். எங்க வீட்டுக்காரர் வயல் வெயில்ல நிக்கிறவர், பருத்திதான் அதிகம் இருக்கணும்.”

பருத்தியோடு நூற்றுக்கு ஐந்து பங்கு ஸ்பான்டெக்ஸ் என்ற நெகிழும் இழை கலந்த, நடுத்தரக் கனமுள்ள துணியை எடுத்துப் போட்டார். அதை நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் தந்தேன்.

முதல் நாள் என் கணவர் முடங்கிய கையை முதலில் நுழைத்து, கழுத்தை விரித்துத் தலையை விட்டு, தாமாகவே உடுத்தி வெளியே வந்தார். “இனிமே என்னால நீ பஸ்ஸை விட வேண்டாம்,” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். மறுநாள் பேருந்துக்கு வெகு முன்னதாகவே போய் நின்றேன். பொத்தான் போடும் அந்தச் சில நிமிடங்களில்தான் நாங்கள் முகம் பார்த்துப் பேசியிருக்கிறோம் என்பது அங்கேதான் புரிந்தது. அவருடைய நிம்மதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் அவர் கழுத்தடியின் இளஞ்சூட்டுக்கு என் விரல்கள் இன்றும் ஏங்குகின்றன.