சொந்தக் கவுனுக்குச் சுங்கம்

நம் வீட்டுத் துணியை நாமே பணம் கட்டி மீட்க வேண்டும் என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எங்கள் குடும்பத்தில் ஞானஸ்நானத்துக்கு ஒரே ஒரு கவுன். வெள்ளை மல் துணி, கழுத்தில் லேஸ். அக்கா வயிற்றில் இருந்தபோது அம்மா செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து தைத்தது. அக்கா, அண்ணன், நான், அண்ணன் பிள்ளைகள் என்று எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போனோம். லண்டனில் அக்காவுக்குக் குழந்தை பிறந்ததும் அங்கே அனுப்பினோம். பிறகு எனக்குப் பெண் பிறந்தாள். அதற்குள் அம்மா போய்விட்டாள். அம்மா இல்லாமல் எங்கள் வீட்டில் நடக்கிற முதல் ஞானஸ்நானம். அவள் கை பட்டது ஒன்றாவது என் பிள்ளையின் மேல் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். கவுனை அனுப்பச் சொல்லி அக்காவுக்கு எழுதினேன்.

கவுன் வரவில்லை, சீட்டு வந்தது. பார்சல் சுங்கத்துக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது, பணம் கட்டி எடுத்துக்கொள்ளவும் என்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.

பார்சல் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் வாயில் பீடாவை ஒதுக்கிக்கொண்டு விளக்கினார். சுங்க வரி தனியாம், தபால் இலாகாவின் கட்டணம் தனியாம். பார்சலைச் சுங்க அதிகாரி முன்னால் கொண்டுபோய் வைத்தார்களாம், பிரித்தார்களாம், மறுபடி கட்டினார்களாம். அதற்குத்தான் கட்டணம்.

"நான் பிரிக்கச் சொன்னேனா?" என்று இந்தியில் கேட்டேன்.

"நக்கோ அம்மா. ரூல் ஐசாச் ஹை" என்றார். சண்டை வேண்டாமாம், ரூல் அப்படித்தானாம்.

இது இங்கே தைத்த துணி, போய்விட்டுத் திரும்பி வருகிறது என்று கத்தினேன். பார்சலின் மேல் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அக்காவின் கையெழுத்தில் 'கிஃப்ட்' என்று இருந்தது, பக்கத்தில் கண்ணைக் கட்டும் ஒரு விலை. பழைய துணியை அனுப்பக் கூச்சப்பட்டு, கடைப் பெட்டியில் வைத்து, மதிப்பாக இருக்கட்டும் என்று பெரிய தொகையாகப் போட்டிருக்கிறாள் மகராசி!

என் வீட்டுக்காரர் நாச்சாரம் பக்கம் ஃபேக்டரியில் ஃபோர்மேன். அவருக்கு எதற்குமே சண்டை பிடிக்காது.

"கட்டித் தொலைச்சிட்டு எடுத்துட்டு வாயேன். பிள்ள கோயில்ல பனியனோடயா நிக்கும்?"

"நம்ம துணிக்கு நாம எதுக்குங்க கட்டணும்?"

மறுநாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே சுங்க அதிகாரியிடமே போனேன். பெட்டியைத் திறங்கள், எங்களுடையது என்று நிரூபிக்கிறேன் என்றேன். காலரின் உள்பக்கம் ஒரு பழுப்புப் பொட்டு இருக்கும். தைக்கும்போது அம்மாவின் விரலில் மெஷின் ஊசி ஏறிப் பட்ட ரத்தம் அது. அதை வெளுக்கவே கூடாது என்று அப்பா வண்ணானுக்குச் சொல்லிவைத்திருந்தார். அதிகாரி நல்ல மனுஷர். பொட்டு இருந்தால் வரியும் வேண்டாம், தபால் கட்டணத்தையும் தள்ளச் சொல்கிறேன் என்றார். பெட்டியைக் கொண்டுவந்து வைத்த கவுண்டர்காரரை நான் ஒரு பார்வை பார்த்தேன்.

பெட்டியைத் திறந்தார்கள். காலரைத் திருப்பினேன். வெள்ளை. மறுபக்கம் திருப்பினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. லண்டன் சலவைக் கடையின் அட்டை பொத்தானில் தொங்கியது.

அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வரி, கட்டணம், நான் சண்டை போட்ட நாட்களுக்கு வைப்புக் கூலி, இரண்டாம் தடவை பிரித்துக் கட்டியதற்கும் சேர்த்து எல்லாவற்றையும் கட்டினேன். வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். நல்லது செய்வதாக நினைத்து எங்கள் அம்மாவைச் சலவைக்குப் போட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அப்பா பிள்ளையைக் கையில் வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காலரைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"நம்ம கவுன் எங்கட்டி?"

லேஸும் தையலும் அவருக்கு அடையாளம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அந்தப் பொட்டு மட்டும்தான்.

"இது அக்கா புதுசா அனுப்புனதுப்பா. நம்மது பார்சல் ஆபீஸ்லயே கெடக்கு. தர மாட்டேங்கான்" என்றேன்.

"களவாணிப் பயலுவ!" என்று கோயில் வாசல் என்றும் பாராமல் அப்பா கத்தினார். நானும் கூடச் சேர்ந்து வாய் வலிக்கத் திட்டினேன்.

அதற்கப்புறம் அவர் இருந்தவரை, தபால்காரரைத் தெருவில் கண்டால் போதும், "எம்பொண்டாட்டி தச்ச கவுன எப்பய்யா தருவீக?" என்று மறித்துக்கொண்டு கேட்பார். தமிழ் தெரியாத அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.