முதலாவதாக இருந்த கோரிக்கை

“கோரிக்கை ஒன்று: பட்டுச்சேலை விற்கும் ஒவ்வொரு கடையும், அது கைத்தறியில் நெய்ததா விசைத்தறியில் நெய்ததா என்பதைச் சேலையிலும் ரசீதிலும் எழுதித் தர வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.”

எங்கள் வணிகர் சங்கத்தின் கூட்டக் குறிப்பில், சென்ற ஆண்டு தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் கீழ், இந்த வாசகம் என் கையெழுத்தில் இருக்கிறது. நான் சங்கத்தின் இணைச் செயலாளர். பட்டுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு சேலைப் பெட்டியோடு முடிந்துவிடும். காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து தருகிறேன். மூடியில் என்ன அச்சிட வேண்டுமென்று கடைக்காரர் சொல்கிறாரோ அதை அச்சிடுகிறேன். ஊரில் நடப்பதை நாள் குறித்து எழுதி வைக்கும் பழக்கம் கல்லூரி நாளிலிருந்து உண்டு என்பதால், கூட்டக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

குளிர்காலக் கூட்டத்தொடருக்கு முன்னால் எங்கள் எம்.பி.யிடம் ஒரு மனு கொடுப்பது என்று அன்று பேசினோம். அவருடைய உதவியாளர் போனிலேயே சொல்லிவிட்டார்: ஒரு பக்கம், ஐந்து கோரிக்கை, அதற்கு மேல் இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். வந்திருந்தவர்களிடம் ஐந்துக்கு மேலேயே இருந்தன. ஒருவர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாக்கடை அடைத்திருப்பதைச் சேர்க்கச் சொன்னார்.

“இன்னாபா, சாக்கடைக்கு எல்லாம் டெல்லியில இருந்து ஆள் வருவானா?” என்றார் பொருளாளர். நூல் வியாபாரி. கூட்டத்தில் தூங்குகிறவர்களை எழுப்புவது அவருடைய வாய்தான்.

“வரமாட்டான். ஆனா உங்க நூலுக்கு வரி குறைக்க மட்டும் ஓடியாந்துடுவான்.”

எதை முதலில் வைப்பது என்பதில்தான் சண்டை. கச்சாப் பட்டின் இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டும் என்பது பொருளாளருக்கு முதல். காலையில் சென்னைக்குப் போக வசதியான நேரத்தில் ரயில் வேண்டும் என்பது காந்தி ரோட்டுக் கடைக்காரர்களுக்கு முதல். சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு மத்திய அரசு பணம் தர வேண்டும் என்றார்கள் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைக்காரர்கள். ஜரிகைக்கு ஜிஎஸ்டி குறைய வேண்டும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே எண்ணம். ஆனால் அதை முதலில் வைத்தால் வரிக்காகவே வந்திருக்கிறோம் என்று நினைப்பார்கள் என்று தலைவர் தயங்கினார்.

அப்போதுதான் சின்ன காஞ்சிபுரத்துக் கடைக்கார அம்மா எழுந்தார். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிறிய கடையை அவர் தனியாக நடத்துகிறார். கைத்தறிச் சேலை மட்டும்தான் விற்பார். பிள்ளையார்பாளையத்தில் சில குடும்பங்கள் அவருக்காகவே நெய்கின்றன. அவர் சொன்னது இவ்வளவுதான். பக்கத்துக் கடையில் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள். கோயிலுக்கு வந்தவர்கள் அந்த விலையைக் கேட்டுவிட்டு இவரிடம் வந்து, ‘அதே சேலைக்கு இவ்வளவா?’ என்கிறார்கள். அது அதே சேலை இல்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கைத்தறிக்கென்று அரசு முத்திரைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை விரும்பியவர் ஒட்டிக்கொள்ளலாம். விரும்பாதவரை ஏன் ஒட்டவில்லை என்று வாடிக்கையாளர் கேட்பதில்லை.

“தை மாசம் வரைக்கும் பாப்பேன் அண்ணே. அதுக்குள்ள சட்டம் வந்துடும்னு சொல்லல. வரும்னு ஒரு பேச்சாவது வந்தா, தாக்குப்பிடிக்கலாம். இல்லன்னா நானும் விசைத்தறி வாங்கி அடுக்க வேண்டியதுதான். அப்புறம் அந்தத் தறிக்காரங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

கூட்டத்தில் இருந்த கடைக்காரர்களில் பலர் விசைத்தறிச் சேலையும் விற்பவர்கள். தலைவருக்கே காந்தி ரோட்டில் மூன்று மாடிக் கடை. ஆனால் யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்துப் பேசினால் என்ன விற்கிறோம் என்று சொன்னதாகிவிடும். பொருளாளர்தான் வழி காட்டினார்: “ரயிலா வரியான்னு அடிச்சிக்கினு இருக்கறதுக்கு அந்தம்மா கேக்கறத மொதல்ல போட்டுடலாம்பா. லேடீஸ் ஃபர்ஸ்ட். சட்டமெல்லாம் எங்க வரப்போவுது?” எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். அந்த அம்மாவின் கோரிக்கை முதலாவதானது இப்படித்தான். அவர் மட்டும் சிரிக்காமல் என்னிடம், “எழுதிட்டீங்களா?” என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்று காட்டினேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு முகூர்த்த நாளன்று எம்.பி. எங்கள் ஊருக்குக் கல்யாணத்துக்கு வந்தார். சாப்பிட்டு முடித்ததும் இருபது நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்து மாடியில் மாப்பிள்ளை அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். கட்டிலின் மேல் யாரோ விட்டுப்போன வேட்டியும் தலைப்பாகைப் பெட்டியும் அப்படியே கிடந்தன. கீழே நாதஸ்வரம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அதனால் இருபது நிமிடம் அரை மணி ஆகும் என்று நம்பினோம்.

பொன்னாடை வாங்கும் பொறுப்பு தலைவருடையது. அவர் கடைப் பையனை அனுப்பி எதிரில் இருந்த கடையில் ஒன்று வாங்கி வரச் செய்திருந்தார். எல்லா ஊரிலும் எல்லா மேடையிலும் போர்த்துகிற, கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிய, மஞ்சள் பளபளப்புள்ள துணி. கைத்தறியில்லை, பட்டும் இல்லை. அதைப் போர்த்தியபோது எம்.பி. மகிழ்ந்து, விளிம்பைக் கையில் பிடித்தபடி, “காஞ்சிபுரத்துக்கு வந்து காஞ்சிபுரம் பட்டே வாங்கிட்டுப் போறேன்” என்றார். அறையில் பதினைந்து பேராவது இருந்திருப்போம். சங்கத்துக்காரர்கள் எல்லோரும் புன்னகை செய்தோம்.

தலைவர் மனுவைப் படித்தார். முதல் கோரிக்கையில் எம்.பி. அவரை நிறுத்தினார். அக்கறையாகத்தான் கேட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

“நல்ல விஷயம்தான். ஆனா சட்டம் போட்டா யாரு வந்து பாக்கறது? ஒரு அதிகாரிக்குத் தெரியுமா எது கைத்தறி, எது விசைத்தறின்னு?”

தலைவர் திரும்பிக் கடைக்கார அம்மாவைப் பார்த்தார். அவர் முன்னால் வந்தார்.

“அதிகாரிக்குத் தெரிய வேணாங்க ஐயா. விக்கறவருக்குத் தெரியும். அவரு எழுதிக் குடுக்கட்டும். பொய்யா எழுதினா தண்டனைன்னு வையுங்க. அவ்ளோதான்.”

“விக்கறவருக்கே தெரியலன்னா?”

“இந்த ஊர்ல தெரியாதவங்க யாரும் இல்லைங்க ஐயா. தொட்டாலே தெரியும். சந்தேகமா இருந்தா உங்க தோள்ல இருக்கறத இவங்ககிட்டயே கேளுங்க.”

அவர் குத்திக்காட்டச் சொன்னதாக எனக்குப் படவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த துணியைத்தான் உதாரணமாகக் காட்டினார். எம்.பி. குனிந்து தன் தோளைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தலைவரைப் பார்த்தார்.

“என்ன தலைவரே, இது கைத்தறியா?”

தலைவரின் முகம் சிவந்தது. “அது... மரியாதைக்குப் போட்றதுங்க ஐயா. கட்றதுக்கு இல்ல.”

“நீங்க சொல்லுங்க,” என்று பொருளாளர் பக்கம் திரும்பினார்.

“நமக்கு நூலா இருக்கற வரைக்கும்தான் ஐயா தெரியும். துணியாயிட்டா நம்ம சப்ஜெக்ட் இல்ல.”

எம்.பி. வாய்விட்டுச் சிரித்தார். உடனே அறை முழுக்கச் சிரித்தது. இன்னொருவரைக் கேட்டார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது நடக்காத விஷயம். அதை இங்கே எழுத முடியாது.

சிரிப்பு அடங்கியதும் எம்.பி. பொன்னாடையை எடுத்து மடித்து உதவியாளரிடம் கொடுத்தார். “அம்மா சொல்றது நியாயம். ஆனா உங்களுக்குள்ளயே ஒத்துப்போகலன்னு தெரியுது. நான் அங்க எழுந்து பேசினா, உங்க ஊர்லேர்ந்தே பத்துப் பேர் வேண்டாம்னு எழுதுவாங்க. முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க. ஒரே குரலா கேட்டாதான் எடுபடும்.” மீதி நான்கு கோரிக்கைகளையும் தலைவர் வேகமாகப் படித்தார். எம்.பி. தலையாட்டினார். மழை நின்றுவிட்டிருந்தது. ரயிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவர் கிளம்பினார்.

மறுவாரம் சங்கத்தில் கூடினோம். யாரும் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை என்று பிறகு தோன்றியது. தலைவர் பொறுமையாகத்தான் தன் பக்கத்தைச் சொன்னார்.

“ஏம்மா, தையில எத்தினி பொண்ணுக்குக் கல்யாணம். எல்லாரும் கைத்தறி வாங்க முடியுமா? முடியாதவ பட்டு மாதிரி ஒண்ணு கட்டிக்கினு மணவறையில உக்காரணும்னு ஆசப்பட்டா, அதுல பெருசா ‘விசைத்தறி’ன்னு அச்சடிச்சிக் குடுக்க சொல்றியா? அந்தப் பொண்ணு மனசு இன்னா ஆவும்?”

இதற்குப் பதில் இல்லை என்று நினைத்தேன். அந்த அம்மாவிடம் இருந்தது.

“கட்டட்டும் அண்ணே. நான் வேணாங்கல. அவளுக்குத் தெரிஞ்சி கட்டட்டும். விலை குறைவுன்னு தெரிஞ்சி வாங்கினா அது அவ கெட்டிக்காரத்தனம். தெரியாம வாங்கினா?”

“நீ அன்னிக்கு எம்.பி.ய விட்டு என்னைக் கேக்க வெச்சியே, அது நியாயமா?”

“உங்களைக் கேக்கச் சொல்லலண்ணே. எல்லாரையும் கேக்கச் சொன்னேன்.”

“அங்க எல்லாரும்னா நான்தாம்மா.”

எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பும் திருத்திய மனுவில் நான்கு கோரிக்கைகள் இருந்தன. ரயில் முதலாவதாக வந்தது. அந்த அம்மாவின் கோரிக்கை பற்றி, ‘உறுப்பினர்களிடையே கருத்தொற்றுமை ஏற்படும் வரை ஒத்திவைக்கப்படுகிறது’ என்று குறிப்பில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கருத்தொற்றுமைக்கென்று அதன் பிறகு எந்தக் கூட்டமும் கூட்டப்படவில்லை.

நாடாளுமன்றங்களின் வரலாற்றைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது என்று அந்தப் புத்தகங்கள் விரிவாகச் சொல்கின்றன. ஒரு கோரிக்கை ஊரைத் தாண்டுவதற்கு முன்பே எப்படி இல்லாமல் போகிறது என்று அவற்றில் இல்லை. எதிர்த்து யாரும் கை தூக்குவதில்லை. சிரிப்பும் மரியாதையும் போதுமானவையாக இருக்கின்றன. அந்த அறையில் உண்மையைச் சொல்வதற்குப் பெரிய துணிச்சல்கூட வேண்டியிருக்கவில்லை. ‘இல்லைங்க, இது கைத்தறி இல்லை’ என்று யாராவது ஒருவர் சாதாரணமாகச் சொல்லியிருந்தால், அந்த அம்மா கேட்ட சட்டம் நடைமுறைக்கு ஒத்து வரும் என்பது அங்கேயே நிரூபணமாகியிருக்கும். எங்களுக்குத் தெரியாதது போல் காட்டிக்கொண்டோம். அதனால் தெரிய வழியில்லை என்று ஆகிவிட்டது.

தை மாதம் முதல் வாரத்தில் பெட்டி கொடுக்கப் போனபோது அந்த அம்மாவின் கடையில் ஒரு அலமாரி விசைத்தறிச் சேலைகளால் நிறைந்திருந்தது. ஒவ்வொன்றின் முந்தானையிலும் ஒரு சிறிய சீட்டைக் குத்தியிருந்தார். அதில் அவர் கையெழுத்தில் ‘விசைத்தறி’ என்று எழுதியிருந்தது.

நான் நின்றிருந்தபோதே ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு அந்த அலமாரியில் ஒரு மாம்பழ நிறச் சேலை பிடித்துவிட்டது. தோளில் வைத்துப் பார்த்தாள். தாய் சீட்டைப் படித்தார்.

“இது மெஷின்ல நெய்ததாமே?”

“ஆமாம்மா. அதான் இந்த விலை.”

“பக்கத்துல இதே கலர் பாத்தோம். அது கையில நெய்ததுன்னாங்க. விலையும் இதேதான் சொன்னாங்க. வாடி, அங்கயே எடுத்துடலாம்.”

இருவரும் போய்விட்டார்கள். அந்த அம்மா சேலையை மடித்தார். சீட்டு கழன்று விழுந்தது. அதை எடுத்துத் திரும்பக் குத்தினார்.

“சீட்ட எடுத்துடுங்கம்மா,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சிரமப்படுவதைப் பார்க்க முடியாமல் சொல்லியிருக்கலாம்.

“எடுத்துட்டா பக்கத்துக் கடைதான் இது. அதுக்கு எதுக்கு எனக்கு ஒரு கடை?” என்றார். பிறகு, பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறிகளுக்கு இனி நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டதாகவும், ஒரு குடும்பத்துக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

அன்று அவர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் பதிய வேண்டும். எம்.பி. மாடியிலிருந்து இறங்கிப் போனதும், அவருடைய உதவியாளர் மாடிப்படியில் இந்த அம்மாவைத் தனியாக நிறுத்தி, இவர் கேட்டதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாராம். இவர் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தாள் வாங்கி, மேசை மேல் வைத்து எழுதிக் கொடுத்தாராம். உதவியாளர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சங்கத்தின் பெயரில் இல்லாவிட்டாலும் தனி நபர் கோரிக்கையாக ஐயாவிடம் சேர்ப்பேன் என்றாராம். நான் அதைப் பார்க்கவில்லை. உதவியாளரிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை நினைவில்லை என்றார். இரண்டாம் முறை, கொடுத்ததாக ஞாபகம் என்றார். அந்தத் தாள் எம்.பி.யின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை இதை எழுதும் இன்று வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.