விநாசித்தம்பியின் வருத்தம்

பெரியப்பாவை முதியோர் இல்லத்தில் விடப்போவதாக வள்ளிநாயகி சொன்னதும், கோலாலம்பூரிலிருந்த சொந்தக்காரர்களுக்குத் திடீரென்று பாசம் பொங்கிற்று. ஆளாளுக்குத் தொலைபேசியில் புத்தி சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு அனுப்பி வை என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அது 1988. வள்ளிநாயகிக்கு நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கிளார்க். காலை ஆறு மணி ஃபெர்ரியைப் பிடித்தால், ஜார்ஜ் டவுன் வீட்டுக்குத் திரும்ப இரவு ஏழாகிவிடும். பெரியப்பா விநாசித்தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா. தாய் தகப்பனை இழந்து ஒன்பது வயதில் நின்ற அவளைத் தன்னந்தனியாக வளர்த்து ஆளாக்கியவர். எண்பத்தொரு வயதில் அவருக்கு ஞாபகம் தடுமாறியது. இரண்டு தடவை அடுப்பில் தண்ணீர்க் கேத்தலை வைத்துவிட்டு மறந்தார். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டு ஷரீஃபா ஜன்னலை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

வள்ளிநாயகி ஸ்டோருக்குச் சாமான் வாங்குகிற மாதிரியே இல்லம் தேடினாள். ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினாள். குளியலறையில் கைப்பிடி உண்டா, வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு உண்டா, பெரியப்பாவின் இனிப்பு நீருக்கு, அதுதான் சர்க்கரை வியாதிக்கு, மருந்து வேளாவேளைக்குக் கொடுப்பார்களா? கடற்கரைப் பக்கம் ஓர் இல்லத்தில் எல்லாவற்றுக்கும் உண்டு என்றார்கள். தரை பளபளவென்று இருந்தது. தமிழ் பேசுகிற மேட்ரனும் இருந்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? அவளுக்குத் தன் தேர்வில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவரை அங்கே விட்டு ஒரு வாரம் கழித்து மேட்ரன் தொழிற்சாலைக்கு போன் பண்ணினாள்.

"உங்க பெரியப்பா வருத்தம், வருத்தம்னே சொல்லிக்கிட்டு இருக்காருலா. உங்கள நெனச்சுத்தான். நீங்க வந்துட்டுப் போனா இன்னும் கூடிடும். ரெண்டு வாரம் வராதீங்க, பழகிடும்."

வள்ளிநாயகி சரி என்றாள். அன்று ஃபெர்ரியில் தனியாக நின்று அழுதாள். ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவருடைய நன்மைக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலேயே கிடந்தாள்.

மூன்றாவது ஞாயிறு போனபோது, பெரியப்பா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலில் காலுறை. அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, எனக்குச் சரியான வருத்தம். எத்தினை தரம் சொல்லிப்போட்டன். வருத்தமெண்டு சொன்னால் இஞ்சை டீவியைப் போட்டு விடினம்."

அவர் சொல்லிக்கொண்டே காலைத் தடவினார். வள்ளிநாயகி காலுறையைக் கழற்றினாள். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துப் போயிருந்தன. நாற்றம் குப்பென்று வந்தது.

யாழ்ப்பாணத்தாருக்கு வருத்தம் என்றால் நோய். மனசு சரியில்லை என்றால் கவலை என்பார்கள். மேட்ரனுக்கு அது எப்படித் தெரியும்? அவளைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் வள்ளிநாயகிக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம், "பிள்ளைக்கு வருத்தம்" என்று சொல்லித்தானே அவர் லீவு போட்டார்! இருபது வருடம் தொழிற்சாலைத் தமிழ் பேசிப் பேசி, அந்த வார்த்தையை அவளும் ஊரார் காதாலேயே கேட்டுவிட்டாள். அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றியதே பெரிது என்றார் டாக்டர்.

மறுபடி இல்லம் தேட வேண்டியிருந்தது. இந்த முறை வள்ளிநாயகி நோட்டை எடுக்கவில்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாள். "பெரியப்பா வருத்தமா இருக்குன்னு சொன்னா என்னா செய்வீங்க?" எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது. ஆறுதல் சொல்வோம் என்றார்கள். பஜனைக்குக் கூட்டிப் போவோம் என்றார்கள். ஓர் இடத்தில் கேரம் போர்டைக்கூட எடுத்துக் காட்டினார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

கடைசியில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. வடிவம்மாள் என்ற விதவை அங்கே நான்கு பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளப்பு ஒன்றும் இல்லை. மீன் கடைச் சத்தம் வாசல் வரை வந்தது. கேள்வியைக் கேட்டதும் வடிவம்மாள் விழித்தாள்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? என்னா வருத்தம்னு அவருகிட்டதானே கேக்கணும்?"

வள்ளிநாயகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. வருத்தம் என்றால் என்ன, கவலை என்றால் என்ன என்று மட்டும் நின்று விளக்கினாள். வடிவம்மாள் பாடம் கேட்பவளைப் போல இரண்டையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

பெரியப்பா அங்கே பழகட்டும் என்று வள்ளிநாயகி இந்த முறையும் போய்ப் பார்க்கவில்லை. பத்தாம் நாள், தொழிற்சாலையில் போன் அடித்தது. வடிவம்மாள்தான். வள்ளிநாயகி முந்திக்கொண்டு கேட்டாள்.

"என்னாக்கா ஆச்சு? வருத்தமா?"

"நானும் அதான் கேட்டேன். கால், கை, வயிறு எல்லாம் பாத்துட்டேன்லா. ஒண்ணும் இல்ல. வருத்தம் இல்லையாம், கவலையாம். பிள்ளை ஏன் வரேல்லை, பிள்ளை ஏன் வரேல்லைன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"நான் வந்தா இன்னும் கூடிடாதா அக்கா?"

"கூடுனா கூடட்டும். வந்து பாருங்க."

வள்ளிநாயகி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டரை ஃபெர்ரிக்கு ஓடினாள்.