ஏனோக்கின் அடுப்புச் சுவர்

பஞ்சாலை ஊரான பிரஸ்டனில் எங்கள் தெருவுக்கு ரொட்டி சுட்டவர் ஏனோக்கு ஹாக்வொர்த். கஞ்ச மகாபிரபு. கிறிஸ்துமஸ் அன்று தெருவே தன் வாத்தையும் இறைச்சியையும் தகரத் தட்டில் வைத்து அவர் அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகும். எங்கள் வீடுகளில் அவ்வளவு பெரிய அடுப்பு ஏது? கூலியையும் வாங்கிக்கொண்டு, தட்டில் உருகி நிற்கும் கொழுப்பையும் சாய்த்தெடுத்து விற்றுவிடுவார். கேட்டால், "அடுப்பு குடிச்சிருச்சும்மா" என்பார்.

அந்த அடுப்பின் பின்சுவர்தான் தாமார் வீட்டுக்கும் சுவர். புருஷனை இழந்தவள். கைக்குழந்தையின் தொட்டிலைச் சூட்டுக்காக அதில் ஒட்டிப் போட்டிருந்தாள். அது தெரிந்ததும் மனிதர் சும்மா விடவில்லை. "என் கரியில நீ குளிர் காயுறியா?" என்று, காலி மாவுச் சாக்குகளை அவளிடம் ஓசியில் துவைத்து வாங்கினார்.

தூரதேசத்துப் போரால் பஞ்சுக் கப்பல்கள் வராமல், எங்களுக்குக் கூலி தந்த ஆலைகள் மூடிய குளிர்காலம் அது. யார் வீட்டிலும் இறைச்சி இல்லை. தட்டே வராத கிறிஸ்துமஸுக்குக் கரி எதற்கு என்று முந்தின நாளே அடுப்பை அணைக்கப் போனார். தாமார் ஓடினாள். நானும் கூடப் போனேன்.

"ஐயா, புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இன்னைக்கு மட்டும் அணைக்காதீங்க."

"தட்டு வருமா?"

"தட்டுல வைக்க என்ன இருக்கு?"

"அப்ப அடுப்புல போட எங்கிட்ட என்ன இருக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொல்லையில மலையா குவிச்சிருக்கீங்களே, அது என்ன, கருப்புச் சீனியா?" என்றேன். கதவைச் சாத்திவிட்டார். அன்று இரவு அந்தச் சுவர் சில்லிட்டுப்போனது.

விடிந்ததும் நான் அவர் கதவைத் தட்டினேன். திறந்தவர் முகத்தில் நல்ல தூக்கம் தெரிந்தது. "சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே அழுகை. ஒரு வழியா தூங்கிருச்சு போல" என்றார்.

"தூங்கல. செத்துப்போச்சு."

மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, பேய் பிடித்தவர்போல அடுப்பில் கரியை அள்ளிப் போட்டார். கதவுகளை விரியத் திறந்து, "எல்லாரும் புள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். வந்தார்கள். இருந்த மாவையெல்லாம் பிசைந்து ரொட்டி சுட்டுக் கொடுத்தார். யாரிடமும் ஒரு காசு கேட்கவில்லை.

தாமார் கடைசியாகத்தான் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"சுவர் கொதிக்குது. பொணம் தாங்காதுன்னு தொட்டிலை இப்பத்தான் தள்ளி வச்சிட்டு வரேன்."

அவர் மண்டியிட்டார். "என்னை மன்னிச்சிரும்மா."

"அதெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க. இங்க இன்னும் புள்ளைங்க இருக்கு. கரியப் போடுங்க."

போட்டார். ஆலைகள் திறக்கும்வரை அந்த அடுப்பு அணையவில்லை. சேர்த்ததெல்லாம் கரியாகவும் மாவாகவும் போய், கடைசியில் ஏழைகள் விடுதியில்தான் இறந்தார். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருவில் வேறு குழந்தை சாகவில்லை. தாமார் மட்டும் அவரை மன்னிக்கவே இல்லை. மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.